முள்ளின் பாரம்: ரிக்கார்டு பிளேயரின் கையைச் சரிசெய்யும் முறை

'டர்ன்டேபிள்' என்றதும் உங்களுக்கு இசைத்தட்டு சுழலும் மேடை நினைவுக்கு வரும். 38 ஆண்டுகள் ரயில்வேயில் இருந்துவிட்டு 2019-இல் ஓய்வு பெற்ற எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறொன்று. நீராவி என்ஜின் காலத்தில் பெரிய ஷெட்டுகளில் என்ஜினைத் திருப்பி நிறுத்த ஒரு வட்டமேடை இருக்கும். அதற்கும் டர்ன்டேபிள் என்றுதான் பெயர். நடுவில் ஓர் அச்சு, அதன் மேல் ஒரு பாலம், பாலத்தின் மேல் தண்டவாளம். என்ஜினின் பாரம் சரியாக நடு அச்சின் மேல் விழும்படி நிறுத்திவிட்டால், நூறு டன்னுக்கு மேற்பட்ட அந்த இரும்பு மலையை நாலைந்து பேர் கையால் தள்ளியே திருப்பிவிடுவார்கள். ஓரடி முன்னேயோ பின்னேயோ நின்றுவிட்டால் எத்தனை பேர் தள்ளினாலும் எளிதில் அசையாது. எல்லாம் பாரம் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது.

வீட்டில் இருக்கும் சின்ன டர்ன்டேபிளுக்கும் இதே விதிதான். அங்கே பாரம் இரண்டு கிராம். ஆனால் அந்த இரண்டு கிராம் தவறான அளவில் விழுந்தால் ஒரு குடும்பத்தின் நாற்பது வருடச் சொத்து பாழாகிவிடும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் வீட்டிலேயே பாழாக்கிய பிறகு சொல்கிறேன்.

இதை எழுதக் காரணம், சென்ற பொங்கலன்று நம் சங்கக் குடும்பங்கள் அகளியில் கூடியபோது நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி. ஒரு குடும்பத்தார் தங்கள் தாத்தா கோயமுத்தூரிலிருந்து இங்கே தோட்டம் பார்க்க வந்தபோது கொண்டுவந்த இசைத்தட்டுகளை ஒரு தகரப் பெட்டியோடு எடுத்து வந்திருந்தார்கள். பரணில் கிடந்த பெட்டி. உள்ளே சீர்காழி கோவிந்தராஜன், சூலமங்கலம் சகோதரிகள், நாதஸ்வரத் தட்டுகள், 'திருவிளையாடல்' கதை வசனத் தட்டு. அந்த வீட்டுப் பையன் இணையத்தில் புதிதாக ஒரு டர்ன்டேபிள் வரவழைத்து, தானே பூட்டி, கூடத்தில் வைத்துப் பாட்டும் போட்டுவிட்டான். எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் அருகில் போய்ப் பார்த்தேன். கையின் தலைமேல் ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயம், ஒட்டு நாடா போட்டு ஒட்டியிருந்தது.

"இது எதுக்கப்பா?" என்றேன்.

"பாட்டு குதிச்சுக் குதிச்சு ஓடுச்சுங்க தாத்தா. காசு வச்சதும் நின்னு போச்சுங்க" என்றான்.

உடனே கையைத் தூக்கி வைக்கச் சொன்னேன். பையன் முகம் வாடிவிட்டது. அரை மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்து, மறுபடி போட்டபோது நாணயம் இல்லாமலே பாட்டு நின்று ஓடியது. "இதை நம் மலரில் எழுதுங்கள், பல வீடுகளில் இப்படிப் பெட்டிகள் இருக்கும்" என்று ஆசிரியர் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். அதனால் இந்தக் கட்டுரை.

முள் எங்கே ஓடுகிறது?

இந்தியாவில் முதன்முதலாக வணிக முறையில் தட்டுக்காகப் பாடிய பெரும் பாடகி கௌஹர் ஜான். ஆண்டு 1902, இடம் கல்கத்தா. அந்தக் காலத் தட்டுகள் அரக்கும் கல்தூளும் கலந்து செய்தவை. நிமிடத்திற்கு 78 சுற்று. சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோனின் தலை நூறு கிராமுக்கு மேல் பாரம் இருக்கும். தட்டு கடினமானது, ஊசி எஃகு. ஆகவே தேய்வது ஊசி. ஒரு பக்கம் பாடியதும் ஊசியை மாற்றிவிடுவார்கள்.

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. அது வினைல் என்னும் மெல்லிய பிளாஸ்டிக். இங்கே நிலைமை தலைகீழ். முள்ளின் நுனி வைரம், தட்டு மென்மை. ஆகவே கணக்குத் தவறினால் தேய்வது தட்டு. ஊசியை மாற்றிக்கொள்ளலாம், தாத்தாவின் தட்டை மாற்ற முடியாது.

எல்.பி. தட்டின் பள்ளம் நம் தலைமுடியை விட நுண்ணியது. அதில் ஓடும் முள்ளின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 18 பங்கு. 20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் முள் நானூறு மீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது. ஒரு ரயில் நிலையத்தின் நடைமேடை நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'இரண்டு கிராம்தானே, என்ன பெரிய பாரம்?' என்று தோன்றும். ரயில்வேயில் ஒரு சரக்கு வேகனின் ஒரு சக்கரம் தண்டவாளத்தின் மேல் சுமார் 10 டன் பாரத்தை இறக்குகிறது. ஆனால் சக்கரமும் தண்டவாளமும் உண்மையில் தொடும் இடம் ஒரு விரல்நகம் அளவுதான். அதனால்தான் இரும்பே தேய்கிறது. முள் பள்ளத்தின் சுவரைத் தொடும் இடமோ கண்ணுக்கே தெரியாதது. அந்த இடத்தில் இரண்டு கிராமை வைத்து, சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் டன் கணக்கில் வரும். பொம்மை போலத் தோன்றினாலும் உள்ளே நடப்பது ரயில் ஓட்டம்தான்.

நான் செய்த தவறு

1984-இல், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடச் சேமிப்பில் ஒரு டர்ன்டேபிள் வாங்கினேன். அப்போது ஒலவக்கோடு ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். (இன்று அந்த நிலையத்திற்குப் பாலக்காடு ஜங்ஷன் என்று பெயர்.) கல்யாணமாகி வரும்போது என் மனைவி கொண்டுவந்தது இரண்டு டிரங்குப் பெட்டிகள். ஒன்றில் புடவைகள், இன்னொன்றில் அவள் அப்பா கொடுத்த இசைத்தட்டுகள். அதில் சீர்காழியின் முருகன் பாடல் தட்டு ஒன்று அவளுக்கு உயிர். அதிலும் ஒரு பக்கத்தின் கடைசிப் பாடல். செவ்வாய்க்கிழமை தவறாமல் அது ஓடும்.

என் பிளேயரின் முள்ளுக்கு 2 முதல் 3 கிராம் பாரம் வைக்க வேண்டும் என்று கூடவந்த தாளில் அச்சிட்டிருந்தது. நான் டிப்ளமா படித்தவன் அல்லவா, தாளை விட எனக்கு அதிகம் தெரியும்! 'பாரம் குறைந்தால் தேய்மானம் குறையும்' என்று நானே முடிவு செய்து ஒரு கிராமில் வைத்தேன். தட்டைக் காப்பாற்றுகிறேன் என்று பெருமையாக மனைவியிடமும் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருடத்தில் அந்தக் கடைசிப் பாடல் கரகரக்க ஆரம்பித்தது. 'சரவணபவ', 'சண்முகா' என்று வரும் இடங்களில் 'ச' என்ற எழுத்து கிழிந்த துணி போலக் கேட்டது. தட்டு மட்டமானது என்றேன். தூசி என்றேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அந்தப் பக்கத்தைக் கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

தொலைத்தொடர்புப் பிரிவில் இருந்த மூத்த நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது இதைச் சொன்னேன். அவர் கையின் எடையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, நீ பாதைக்காரன். பாரம் ஏற்றிய வேகன் சீக்கிரம் தடம்புரளுமா, காலி வேகன் புரளுமா?" என்று கேட்டார்.

எனக்குச் சுரீரென்றது. காலி வேகன்தான் எளிதில் புரளும். தடம்புரண்ட இடத்தை ஆராயும்போது நாங்கள் பார்க்கும் முக்கியமான கணக்கு, சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசைக்கும் மேலிருந்து அழுத்தும் பாரத்துக்கும் உள்ள விகிதம். நடால் என்ற பிரெஞ்சு எஞ்சினியரின் சூத்திரம் அது. மேலே பாரம் குறைந்தால், சிறிய பக்கவாட்டுத் தள்ளலே சக்கரத்தைத் தண்டவாளத்தின் மேல் ஏற்றிவிடும். தொழிலில் தினமும் பயன்படுத்திய பாடத்தை வீட்டில் மறந்துவிட்டேன்.

பள்ளத்தின் நெளிவுகள்தான் பாட்டு. நெளிவு கடுமையாக உள்ள இடத்தில் அது முள்ளைப் பக்கவாட்டிலும் மேலேயும் எற்றுகிறது. மேலிருந்து போதிய பாரம் இருந்தால் முள் சுவரை ஒட்டியே ஓடும். பாரம் போதாவிட்டால் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் சுவரை விட்டு எழும்பி, திரும்ப விழும்போது சுவரைக் கொத்தும். வைரம் கொத்தினால் பிளாஸ்டிக் என்ன ஆகும்? ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நான் என் மனைவியின் பாட்டைக் கொத்தியிருக்கிறேன்.

ஆகவே அன்பர்கள் முதலில் மனதில் கொள்ள வேண்டியது இதுதான்: பாரம் அதிகமானாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். முள் செய்தவர் குறித்த எல்லைக்குள் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் எல்லையின் மேற்பகுதியில் இருக்கலாம், கீழே மட்டும் போகக்கூடாது.

ஏன் கடைசிப் பாடல்?

தட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் வெளி ஓரத்தில் சுற்றளவு பெரிது, உள்ளே சிறிது. வெளி ஓரத்தில் ஒரு நொடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் முள்ளின் கீழே ஓடுகிறது. கடைசிப் பாடல் முடியும் இடத்தில் 21 செ.மீ. மட்டுமே. ஒரு நொடிப் பாட்டு வெளியே 51 செ.மீ. நீளத்தில் தாராளமாக உட்கார்ந்திருக்கிறது, உள்ளே 21 செ.மீ.யில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. நெளிவுகள் அங்கே மிகக் கூர்மை. கையில் எந்தப் பிழை இருந்தாலும் முதலில் அடிபடுவது கடைசிப் பாடல்தான். இதை ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம்: முதல் பாடல் நன்றாக இருந்து கடைசிப் பாடல் மட்டும் கரகரத்தால், முதலில் கையைச் சந்தேகியுங்கள்.

சரிசெய்யும் முறை

இனி வேலைக்கு வருவோம். தேவையானவை: ஒரு சிறிய ரசமட்டம், சிறிய ஸ்க்ரூ டிரைவர், முகம் பார்க்கும் சிறு கண்ணாடி, நல்ல வெளிச்சம், அவசரமில்லாத ஒரு மாலைப்பொழுது. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுங்கள். முள்ளின் நுனியை விரலால் தொடாதீர்கள்.

முதலாவது, மட்டம். பிளேயரை அசையாத பலகையில் வைத்து, சுழலும் தட்டின் மேல் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் காலுக்கு அடியில் அட்டை கொடுங்கள். மலைப்பகுதி வீடுகளில் பழைய தரை அநேகமாகச் சாய்வாகவே இருக்கும். மட்டம் பார்க்காமல் மேற்கொண்டு செய்யும் எதுவும் வீண்.

இரண்டாவது, தலை. பிக்அப்பின் பின்னால் நான்கு மெல்லிய கம்பிகள் இருக்கும். வெள்ளையும் நீலமும் இடப்பக்க ஒலிக்கு, சிவப்பும் பச்சையும் வலப்பக்க ஒலிக்கு. கழன்றிருந்தால் இந்தக் கணக்கில் மாட்டுங்கள். பிக்அப்பைப் பிடிக்கும் இரண்டு திருகுகளையும் நகர்த்தும் அளவுக்கு மட்டும் முடுக்கி வையுங்கள்.

மூன்றாவது, பாரம். முள்ளின் உறையை எடுத்துவிடுங்கள். 'ஆன்டி ஸ்கேட்டிங்' என்று குறித்த திருகைப் பூஜ்யத்தில் வையுங்கள். கையின் பின்னால் இருக்கும் உருளையான எடையை முன்னும் பின்னும் நகர்த்தி, கை மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் காற்றில் மிதக்கும்படி செய்யுங்கள். முன்னே சொன்ன என்ஜின் வட்டமேடையின் நிலை இதுதான். பாரம் முழுவதும் நடு அச்சில்.

இப்போது கவனம் தேவை. அந்த எடையின் முகப்பில் எண்கள் எழுதிய ஒரு வளையம் இருக்கும். அது தனியாகவும் சுற்றும். எடையை அசையாமல் பிடித்துக்கொண்டு வளையத்தை மட்டும் திருப்பிப் பூஜ்யத்திற்குக் கொண்டுவாருங்கள். பிறகு வளையத்தைத் தனியாகத் தொடாமல் எடையையே திருப்பி முள் பக்கமாக நகர்த்துங்கள். வளையமும் கூடவே சுற்றும். வேண்டிய எண் வந்ததும் நிறுத்துங்கள். பொங்கலன்று அந்தப் பையன் செய்த பிழை இங்கேதான். எடையைத் திருப்பாமல் எண் வளையத்தை மட்டும் 2-க்குத் திருப்பியிருந்தான். எண் 2 காட்டியது, உண்மைப் பாரம் ஒன்றுமில்லை. அதனால் குதித்தது. குதித்ததால் நாணயம் வந்தது. அந்த நாணயம் ஏறக்குறைய ஐந்து கிராம். இல்லாத பாரத்திலிருந்து இரண்டரை மடங்கு பாரத்துக்கு ஒரே தாவல்!

எவ்வளவு பாரம் என்பது முள்ளைப் பொறுத்தது. இன்று கிடைப்பவற்றில் ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் என்பதற்கு 1.8 கிராம், ஆடியோ டெக்னிகா விஎம்95இ என்பதற்கு 2 கிராம். விலை குறைந்த பிளேயர்களில் வரும் ஏடி3600எல் என்பதற்கு 3 கிராம் அளவு தேவை. பெயரைப் பார்த்து, தாளைப் பார்த்து வையுங்கள். வளையத்தின் எண்ணை முழுதும் நம்ப வேண்டாம். இதற்கென்றே சிறிய மின்னணுத் தராசுகள் கிடைக்கின்றன. 1986-இல் எனக்கு அது கிடையாது. பென்சிலின் மேல் ஒரு மர ஸ்கேலை நிறுத்தி, ஒரு பக்கம் அலுமினிய இரண்டு பைசா நாணயங்களை வைத்து, மறுபக்கம் அதே தூரத்தில் முள்ளை இறக்கிப் பார்ப்பேன். அந்த நாணயம் சரியாக ஒரு கிராம். இரண்டு நாணயம் வைத்து ஸ்கேல் மட்டமாக நின்றால் இரண்டு கிராம். வீட்டில் பழைய சில்லறை இருந்தால் குழந்தைகளோடு செய்து பாருங்கள், தராசின் தத்துவமும் விளங்கும்.

நான்காவது, தலையின் திசை. தொழிற்சாலையில் மூலத்தட்டை வெட்டும் கருவி நேர்கோட்டில் உள்ளே நகர்கிறது. நம் கையோ ஒரு மூலையில் அச்சு வைத்து வளைவாக நகர்கிறது. நீளமான ரயில் பெட்டி வளைவில் திரும்பும்போது அடியில் இருக்கும் போகி தனியாகத் திரும்பி வளைவோடு ஒத்துப்போகும். கைக்கு அப்படிப் போகி கிடையாது. அதனால்தான் தலையைச் சற்றுச் சாய்த்தும், முள் தட்டின் நடுக்குமிழைத் தாண்டிச் சிறிது நீளும்படியும் அமைக்கிறார்கள். இந்தக் கணக்கை லோஃப்கிரென் என்பவர் 1938-இலும் பேர்வால்ட் என்பவர் 1941-இலும் முறைப்படுத்தினார்கள். எவ்வளவு சரியாக அமைத்தாலும் தட்டில் இரண்டு இடங்களில்தான் முள் பள்ளத்தோடு முற்றிலும் நேராக நிற்கும். மற்ற இடங்களில் சிறு பிழை இருக்கும், அது பொறுக்கக்கூடியது.

அந்த இரண்டு இடங்கள் பேர்வால்ட் கணக்குப்படி நடுவிலிருந்து 66 மி.மீ., 121 மி.மீ. தூரத்தில் உள்ளன. இதற்கான கட்டம் வரைந்த அட்டை பல பிளேயர்களோடு வருகிறது. அட்டையை நடுக்குமிழில் மாட்டி, முதல் புள்ளியில் முள்ளை இறக்கி, பிக்அப்பின் பக்கங்கள் கட்டத்தின் கோடுகளுக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தலையில் முன்னும் பின்னும் நகர்த்தியும் திருப்பியும் சரிசெய்யுங்கள். பிறகு இரண்டாவது புள்ளி. இரண்டிலும் ஒத்துவந்த பிறகே திருகை முடுக்க வேண்டும். கணினியில் அச்சிட்டு எடுத்த அட்டையானால், அச்சு சுருங்கியிருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பிக்அப்பை நகர்த்தினால் பாரமும் மாறும். ஆகவே மூன்றாவது படியை மறுபடி ஒருமுறை செய்யுங்கள்.

ஐந்தாவது, உயரமும் சாய்வும். முள் தட்டின் மேல் நிற்கும்போது பக்கத்திலிருந்து பாருங்கள். கை தட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது தலை இடமோ வலமோ சாயக்கூடாது. தட்டு சுற்றாமல் நிற்கும்போது சிறு கண்ணாடியை வைத்து அதன் மேல் முள்ளை மெதுவாக இறக்குங்கள். முள்ளும் அதன் பிம்பமும் ஒரே நேர்கோடாகத் தெரிந்தால் சரி. உடைந்த கோடு போலத் தெரிந்தால் தலை சாய்ந்திருக்கிறது.

ஆறாவது, ஆன்டி ஸ்கேட்டிங். ரயில் வளைவில் போகும்போது வெளிப்பக்கம் தள்ளப்படும். அதைச் சமன்செய்ய வெளித் தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போடுவோம். தட்டில் இதற்கு நேர்மாறு நடக்கிறது. தலை சாய்ந்திருப்பதால், பள்ளம் முள்ளை இழுக்கும் விசை கையின் அச்சு வழியே நேராகப் போவதில்லை. அதனால் கை தட்டின் நடுப்பக்கம் இழுக்கப்படுகிறது. உள்சுவர் அதிகம் அழுந்துகிறது, வெளிச்சுவர் பிடிப்பை இழக்கிறது. உள்சுவரில் இருப்பது இடப்பக்க ஒலி, வெளிச்சுவரில் வலப்பக்க ஒலி. ஆகவே வலப்பக்கப் பெட்டியில் மட்டும் கரகரப்புக் கேட்டால் இந்தத் திருகைச் சந்தேகிக்கலாம். முள்ளின் பாரம் எவ்வளவோ அதே எண்ணில் இதையும் வைத்துத் தொடங்குங்கள். பாரம் 2 என்றால் இதுவும் 2. பிறகு கடைசிப் பாடலைக் கேட்டு, தேவையானால் சிறிது கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரே சோதனை: மனிதக் குரல். ஒரு பக்கத்தின் கடைசிப் பாடலைப் போட்டு 'ச', 'ஷ' வரும் சொற்களைக் கவனியுங்கள். அவை சுத்தமாக இருந்தால் உங்கள் கை சரியாக இருக்கிறது.

சில எச்சரிக்கைகள்

பெட்டி போல மூடித் தூக்கிச் செல்லும் சிறிய பிளேயர்கள் இப்போது நிறைய வருகின்றன. பெரும்பாலானவற்றில் மேலே சொன்ன எதையும் திருப்ப முடியாது, பாரமும் அதிகம். பேரப்பிள்ளைகள் விளையாடப் புதிய தட்டு வாங்கிக் கொடுங்கள். தாத்தாவின் தட்டை அதில் போட வேண்டாம்.

78 சுற்று அரக்குத் தட்டுகளின் பள்ளம் எல்.பி.யை விட மிகவும் அகலம். அதற்கு 76 மைக்ரான் அளவுள்ள தனி முள் வேண்டும். எல்.பி. முள்ளைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து புரளும். பாட்டை விட இரைச்சலே அதிகம் கேட்கும். அதேபோல, கிராமபோனின் எஃகு ஊசியால் எல்.பி. தட்டை ஒருமுறை பாட வைத்தால் போதும், தட்டின் கதை முடிந்தது. பழைய கிராமபோன் பெட்டிகள் எப்படி வேலை செய்தன என்று பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோர், கோட்டயம் மாவட்டம் பிளாசனாலில் சன்னி மேத்யூ என்பவர் அமைத்த கிராமபோன் அருங்காட்சியகத்தைப் பற்றி விசாரித்துப் பார்க்கலாம். நம் மாநிலத்திலேயே இருப்பது பலருக்குத் தெரியாது.

வைர முள்ளும் அழியாதது அல்ல. வகைக்குத் தக்கபடி 300 முதல் 500 மணி நேரம் ஓடியதும் மாற்றிவிடுவது நல்லது. பழைய முள்கள் சிலவற்றுக்கு மாற்று கிடைப்பதும் அரிதாகி வருகிறது. புகழ்பெற்ற ஷூர் நிறுவனம் 2018-இல் இந்தத் தொழிலையே நிறுத்திவிட்டது. ஆகவே பரணிலிருந்து இறக்கிய பழைய பிளேயரில் எத்தனை வருடம் ஓடிய முள் என்று தெரியாவிட்டால், தட்டைத் தொடுமுன் முள்ளை மாற்றுங்கள்.

கடைசியாக, தலைமேல் நாணயம் வைக்காதீர்கள். அந்தக் காலத்து டீக்கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் எட்டணா வைத்துப் பாட்டுப் போட்டதை நானும் பார்த்திருக்கிறேன். அது நோயைக் குணப்படுத்துவதல்ல, நோயாளியின் வாயைக் கட்டுவது. குதிக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மட்டமா, பாரமா, தூசியா, கீறலா என்று தேடுங்கள்.

ஏன் இவ்வளவு சிரமம்?

'எல்லாப் பாட்டும் கைப்பேசியில் வருகிறதே, இந்த வயதான காலத்தில் இது எதற்கு?' என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் நம் பெட்டிகளில் இருக்கும் எல்லாத் தட்டும் கைப்பேசியில் வந்துவிடவில்லை. இன்னொன்றும் உண்டு. இங்கே நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள், நன்றாகவே படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் பெரும்பாலும் காது வழியாகத்தான் போகிறது. பொங்கலன்று அந்தத் 'திருவிளையாடல்' வசனத் தட்டு சுத்தமாக ஓடத் தொடங்கியதும், கூடத்தில் ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பையனின் பாட்டி, அடுத்த வசனம் வருமுன்பே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். இதே தட்டை அவர் கணவர் எத்தனை முறை போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நாணயத்தோடு இன்னும் பத்து முறை ஓடியிருந்தால் அது என்ன ஆகியிருக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

என் மனைவியின் அந்தச் சீர்காழி தட்டை நான் தூக்கி எறியவில்லை. கையைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ள யாராவது வீட்டுக்கு வந்தால், அதைத்தான் முதலில் போடுவேன். முதல் பாடல் கணீரென்று கேட்கும். பிறகு கையைத் தூக்கிக் கடைசிப் பாடலில் வைப்பேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும். "இது ஒரு கிராம் குறைத்து வைத்த பாரம்" என்று மட்டும் சொல்வேன்.

அரை நிமிடம்தான் ஓடும். அதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்துவிடும்: "போதுங்க, எடுத்திடுங்க."

நானும் எடுத்துவிடுவேன். உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறக்கும் முன் கையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அகளிப் பக்கம் வரும் அன்பர்கள் பிளேயரையும் கொண்டுவந்தால், ரசமட்டமும் இரண்டு பைசா நாணயங்களும் என்னிடம் தயாராக இருக்கின்றன.